கேளுங்கள், கதைப்போம்: ‘விழினன்’ என்ற பிள்ளையும் பறங்கியர் பேச்சும்

மாரி தொடங்கிவிட்டது. மட்டக்களப்பில், கல்லடிப் பக்கம் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. கடிதங்கள் மட்டும் நனையாமல் வந்து சேர்ந்தன. போன மாதம், எங்கள் பேத்தி பல்லிக்கு ‘சுவர்மீன்’ என்று பெயர் வைத்த கதையை இங்கே நாலு வரி எழுதியிருந்தேன். அதன் பலன், இந்த முறை பையைப் பிரித்தால் முழுக்கப் பிள்ளைகளின் பேச்சுத்தான். வலி மிகுமா, மிகாதா என்று கேட்ட மூவரும் அடுத்த இதழ்வரை பொறுத்தருள்க.

செங்கலடியிலிருந்து ஒரு தாய்: “சேர், மகனுக்குப் பதினாறு மாதம். வேலை நேரத்தில் போனில் தமிழ்க் கார்ட்டூன் போட்டுக் கொடுக்கிறேன். நல்ல தமிழ் காதில் விழுந்தால் சுறுக்கா கதைப்பான் என்று நினைத்தேன். இன்னும் ‘அம்மா’ கூட வரவில்லை. மாமி ‘வாயில்லாப் பிள்ளை’ என்கிறா.”

தங்கச்சி, மாமியின் வாயை ஒரு பக்கம் வைப்போம். பதினாறு மாதத்தில் சொல் வராத பிள்ளைகள் ஊருக்கு ஊர் உண்டு. நான் கேட்பது வேறு. மாடு போனால் விரலால் சுட்டிக்காட்டி, உடனே உங்கள் முகத்தையும் பார்க்கிறானா? பின்னால் நின்று பெயர் சொன்னால் கிறுகிப் பார்க்கிறானா? ‘சப்பாத்தை எடு’ என்றால், நீங்கள் கை காட்டாமலே விளங்குகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் பதினெட்டு மாதம்வரை பொறுக்கலாம். அப்போதும் ஒரு சொல்கூட இல்லையென்றாலோ, இப்போதே மூன்றில் ஒன்று இல்லையென்றாலோ, கிளினிக் அட்டையோடு மிட்வைஃப் மிஸ்ஸிடம் போங்கள். காதைச் சோதிக்க வேண்டும் என்று நீங்களாகவே கேளுங்கள். காதில் சின்னக் குறை இருந்து, அது தெரியாமல் சொல்வழி கேளாதவன் என்று அடி வாங்கிய பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்திருக்கிறார்கள். அடித்தவர்களில் நானும் ஒருவன்.

இனிப் போன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பற்றீசியா குல் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரு வேலை செய்தார்கள். 2003இல் அதை வெளியிட்டார்கள். ஆங்கில வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகள். ஒரு கூட்டத்தோடு சீன மொழிக்காரர் நேரே தரையில் இருந்து, புத்தகம் காட்டி, பொம்மை காட்டிக் கதைத்தார்கள். 12 தடவை, தடவைக்கு 25 நிமிடம். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே கதை, ஆனால் தொலைக்காட்சியில். நேரே கேட்ட குழந்தைகள் ஒரு சீன ஒலி வேறுபாட்டைத் தைவான் குழந்தைகள் அளவுக்குப் பிடித்துவிட்டார்கள். தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கும் சீனமே கேளாத குழந்தைகளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

போனில் வரும் பூனை நல்ல தமிழ்தான் கதைக்கிறது. ஆனால் உங்கள் மகன் எதைப் பார்க்கிறான் என்று அது பார்ப்பதில்லை. அவன் ‘ஊ’ என்றால் அது நின்று ‘என்ன மனே?’ என்று கேட்பதுமில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். நாம் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுக் கதைப்பதில்லை. ‘சோறுதிண்டாச்சாமனே’ என்று ஒரே மூச்சில்தான் கேட்கிறோம். அதில் சொல் எங்கே முடிகிறது என்று பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்? 1996இல் சஃப்ரான், அஸ்லின், நியூபோர்ட் என்ற மூவர், எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளில்லாத அசைகளை இடைவெளியே இல்லாமல் இரண்டு நிமிடம் கேட்க விட்டார்கள். எந்த அசைக்குப் பின்னால் எந்த அசை தவறாமல் வருகிறது என்று குழந்தைகள் அந்த இரண்டு நிமிடத்திலேயே கணக்கு எடுத்துவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. ‘சோ’வுக்குப் பின்னால் ‘று’ ஓயாமல் வருகிறது. ‘று’வுக்குப் பின்னால் எதுவும் வரலாம். சரி, அப்போ அந்த இடத்தில் வெட்டு. வாயில்லாப் பிள்ளை என்று மாமி சொல்லும்போதே அவன் மாமியின் சொற்களை அறுத்து அடுக்கிக்கொண்டிருப்பான். வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் இருத்தி, உரிப்பதைப் பற்றியே கதையுங்கள். அவன் முறை வரும்போது கொஞ்சம் பொறுங்கள்.

காத்தான்குடியிலிருந்து ஒரு உம்மா: “மகளுக்கு மூன்றரை வயது. ‘நான் விழினன்’, ‘தம்பி அழினான்’ என்கிறாள். இரண்டு வயதில் ‘விழுந்தன்’ என்று சரியாகச் சொன்னவள். பின்னுக்குப் போகிறாளா? திருத்த வேண்டுமா?”

முன்னுக்குப் போகிறாள், சகோதரி. எனக்கு இந்தக் கடிதம் கிடைத்த அன்று சந்தோசத்தில் இரண்டு பிளேன்டீ குடித்தேன்.

காத்தான்குடி முழுவதும் தேடினாலும் ‘விழினன்’ என்று சொல்லும் பெரியவர் ஒருவர் அகப்படமாட்டார். ஆகவே அவள் அதை யாரிடமும் கேட்டுப் பிடிக்கவில்லை. தானே செய்திருக்கிறாள். எதைக் கொண்டு? ஓடினன், பாடினன், தேடினன், உறங்கினன். சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்களே, இறந்தகால இடைநிலை ‘த், ட், ற், இன்’ என்று? அந்த நான்காவதை உங்கள் மகள் பள்ளிக்கூடம் போகாமலே கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்த சந்தோசத்தில் எல்லா வினைக்கும் அதையே ஒட்டுகிறாள். இரண்டு வயதில் ‘விழுந்தன்’ என்று சொன்னது கிளி சொன்ன மாதிரி, முழுச் சொல்லாக. இப்போது சொல்லைப் பிரித்துப் பூட்டப் பார்க்கிறாள். புதிதாகச் சுத்தியல் வாங்கியவன் வீட்டில் கண்டதையெல்லாம் தட்டிப் பார்ப்பது போல என்று வையுங்களேன்.

1958இல் ஜீன் பெர்கோ என்பவர் ஆங்கிலப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார். குருவி மாதிரி ஒரு படம் வரைந்து, ‘இது ஒரு வக்’ என்றார். அப்படி ஒரு சொல்லே கிடையாது. பிறகு இரண்டு குருவியைக் காட்டி, ‘இவை இரண்டு...?’ என்று நிறுத்தினார். பிள்ளைகள் தயங்காமல் ‘வக்ஸ்’ என்றார்கள். இல்லாத சொல்லுக்குப் பன்மையைப் பாடமாக்க முடியாது அல்லவா. விதி கையில் இருந்தால்தான் முடியும்.

திருத்துவது பற்றி என் அனுபவம் ஒன்று. பேத்தி ‘விழினன்’ காலத்தில் இருந்தபோது, வாத்தியார் புத்தி சும்மா விடவில்லை. ‘விழினன் இல்லை மனே, விழுந்தன். சொல்லு பார்ப்பம்.’ ‘விழுந்தன்.’ ‘ஆ, கெட்டிக்காரி.’ கைதட்டிவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். இரண்டு நிமிடம் போகவில்லை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்: ‘அம்மப்பா, நான் மறுகா விழினன்!’

முழங்காலுக்கு மருந்து போடுங்கள். ‘அச்சோ, எங்க விழுந்தாய்?’ என்று நீங்கள் சரியாகக் கேட்டால் போதும். ஆறேழு வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும். அதற்குள் இரண்டொன்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

கல்முனையிலிருந்து ஒருவர்: “உலகின் முதல் மொழி தமிழ்தான் என்று துணிந்து எழுத ஏன் தயங்குகிறீர்கள்?”

ஏனென்றால் பேச்சுக்கு எலும்பு கிடையாது. மண்ணைத் தோண்டினால் பானை கிடைக்கும், பானையில் எழுத்துக் கிடைக்கும். எழுத்து வந்தே ஐயாயிரம் ஆண்டுக்குச் சற்று மேல்தான். மனிதர் கதைக்கத் தொடங்கியது அதற்கு எவ்வளவோ முன்னால். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக எழுதப்பட்டு, இன்றும் சந்தையில் மீன் விலை பேச உதவுகிற மொழி நம்முடையது. எனக்கு அந்தப் பெருமை போதும்.

இந்த ஆசை நமக்கு மட்டும் வந்ததல்ல. எகிப்து அரசன் சாமெதிகஸ் இரண்டு பச்சைக் குழந்தைகளை ஓர் இடையனிடம் கொடுத்து, யாரும் அவர்கள் காதுபட ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டதாகப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டு கழிந்து குழந்தைகள் ‘பெகோஸ்’ என்றன. விசாரித்தால், அது பிரிஜிய மொழியில் ரொட்டி. ‘சரி, பிரிஜியர் எங்களைவிட மூத்தவர்கள்’ என்று எகிப்தியர் ஒப்புக்கொண்டார்களாம். அந்தக் குழந்தைகள் வளர்ந்தது ஆட்டுப்பாலில், ஆடுகளுக்கு நடுவில். ஆடு எப்படிக் கத்தும் என்று யாரும் யோசிக்கவில்லை. இதே சோதனையை எங்கள் ஊரில் செய்து, குழந்தை ‘மே’ என்று சொல்லியிருந்தால், அது ‘மேய்’ என்ற வினையின் பகுதிதான் என்று ஒருவர் ஆய்வுக் கட்டுரையே படித்திருப்பார்.

திருக்கோவிலிலிருந்து ஒரு தாத்தா: “மகன் குடும்பம் டொரோண்டோவில். பேரனுக்கு ஐந்து வயது. ‘தம்பி’யை ‘டம்பி’ என்கிறான், தோடம்பழத்தை ‘டோடம்பழம்’ என்கிறான். நாக்கில் ஏதும் குறையா ஐயா?”

நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பழகியது காது. இதைக் கண்டுபிடித்ததும் உங்கள் பேரன் இருக்கும் நாட்டில்தான். கனடாவில் ஜேனட் வெர்கர், றிச்சர்ட் டீஸ் என்ற இருவர் ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் ‘த’வையும் ‘ட’வையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். இது 1984இல் வெளிவந்த ஆய்வு. ஆறு முதல் எட்டு மாதம்வரையான குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோர் வித்தியாசத்தைப் பிடித்தார்கள். பத்து மாதம், பன்னிரண்டு மாதம் என்று போகப் போக அந்த எண்ணிக்கை சரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் அந்த இரண்டும் இரண்டு ஒலியாக இருந்து பொருளை மாற்றுவதில்லை. பயன்படாததைக் காது கழித்துவிடுகிறது. பிறக்கும்போது எந்த ஊருக்கும் தயாராக வருகிற பிள்ளை, ஒரு வயது நிரம்பும் முன்னே ஓர் ஊர்ப் பிள்ளையாகிவிடுகிறது.

கதவு அடித்துப் பூட்டப்படவில்லை, ஒருச்சாய்த்துக் கிடக்கிறது. வீடியோ கோலில் ‘பட்டு’, ‘பத்து’ என்று இரண்டையும் வைத்து விளையாடுங்கள். எது சொன்னேன் என்று அவன் கண்டுபிடிக்கட்டும். கார்ட்டூனைப் பற்றிச் செங்கலடித் தங்கச்சிக்குச் சொன்னது இதற்குப் பொருந்தாது, வீடியோ கோலில் நீங்கள் திருப்பிப் பதில் சொல்கிறீர்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து ஒரு மாணவி: “மொழிகள் அழிவது பற்றி நிறைய வாசிக்கிறோம். புதிதாக மொழி பிறப்பதும் உண்டா? எங்கே?”

தூரம் போகவேண்டாம் மனே. சைக்கிளில் போகும் தூரத்தில் ஒன்று இருக்கிறது.

1628இல் போர்த்துக்கீசர் இங்கே மட்டக்களப்புப் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பத்தே வருட ஆட்சி. ஆனால் வந்தவர்கள் இங்கே பெண் எடுத்தார்கள், பிள்ளைகள் பிறந்தன. தகப்பன் ஒரு மொழி, தாய் ஒரு மொழி, அக்கம்பக்கம் தமிழ். அந்த வீடுகளில் வளர்ந்த பேச்சைத்தான் நாங்கள் பறங்கியர் பேச்சு என்கிறோம். அறிஞர்கள் இலங்கைப் போர்த்துக்கீசக் கிரியோல் என்பார்கள். கிரியோல் என்றால், மொழிகள் கலந்து பிறந்து, பிள்ளைகளுக்குத் தாய்மொழியாகிவிட்ட பேச்சு. ஒல்லாந்தர் வந்தும் அது அழியவில்லை. அவர்களுடைய வீடுகளுக்குள்ளேயே அது புகுந்துவிட்டது. ஆங்கிலேயர் காலத்தில், 1826 அளவில், வெஸ்லியன் மிஷனரிமார் புதிய ஏற்பாட்டையே அந்தப் பேச்சில் அச்சடித்தார்கள். அரை குறைப் பேச்சுக்கு யாரும் வேதம் அச்சடிக்கமாட்டார்கள்.

சிறு வயதில் எங்கள் வேலிக்கு அப்பால் ஒரு பறங்கியர் தச்சுப் பட்டறை இருந்தது. பள்ளி விட்டால் நான் மரச்சீவல் குவியலில்தான் இருப்பேன். சீவுளி தள்ளும்போது சுருள் சுருளாக வருமே, அதைக் காதில் மாட்டிக்கொள்வது என் வேலை. மேசன் வந்தால் தச்சர் தமிழ் கதைப்பார். பின்கட்டில் அவருடைய கிழத்தாய். அவவோடு வேறு பேச்சு. பலகையை அளக்கும்போது வாய்க்குள் ‘உங், தோஸ், த்ரேஸ்’ என்று எண்ணுவார். அதை நான் வெகுகாலம் ஆங்கிலம் என்றே நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒன், டூ வந்தபோதுதான் ஏமாந்தது தெரிந்தது.

ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் அவர் வசனத்தை எங்கே முடிக்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். அது எப்படி என்று பிற்காலத்தில் மொழியியல் படித்தபோதுதான் பிடிபட்டது. போர்த்துக்கீசத்தில் வினை நடுவில் வரும். எங்கள் பறங்கியர் பேச்சில் அது தமிழ் மாதிரிக் கடைசிக்குப் போய்விட்டது. போர்த்துக்கீசர் ‘பாரா’ என்பதைப் பெயருக்கு முன்னால் வைப்பார்கள், ‘க்கு’ என்ற பொருளில். இங்கே அது ‘பா’ என்று சுருங்கிப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது, அச்சு அசல் நம்முடைய நான்காம் வேற்றுமை உருபு போல. அவர்களுடைய ‘செயு’ இங்கே ‘சு’வாகி நம்முடைய ‘உடைய’ செய்யும் வேலையைச் செய்கிறது. சொற்கள் லிஸ்பனிலிருந்து வந்தவை, கட்டிய விதம் மட்டக்களப்பு.

பண்டமாற்றைப் பார்த்தாயா? அவர்கள் எங்களிடமிருந்து இலக்கணத்தை எடுத்தார்கள். நாங்கள் அவர்களிடமிருந்து தளபாடத்தை எடுத்தோம்: மேசை, கதிரை, அலமாரி, வாங்கு, சாவி, ஜன்னல், விறாந்தை, குசினி. சாப்பிடப் பாண், போடச் சப்பாத்து, மூக்குத் துடைக்க லேஞ்சி. பாதி வீடு அந்தத் தச்சர் செய்து கொடுத்தது மாதிரித்தான். (கந்தோர் மட்டும் ஒல்லாந்தர் தந்தது. அங்கே போனால் நாள் முழுக்கக் காத்திருக்கும் வழக்கத்தையும் அவர்கள்தான் தந்தார்களோ என்னவோ.)

இப்படிப்பட்ட மொழிகளைப் பிள்ளைகள்தான் செய்கிறார்கள் என்று ஹவாய்க் கரும்புத் தோட்டத்துப் பேச்சை ஆராய்ந்த டெரெக் பிக்கர்ட்டன் சொன்னார். இல்லை, இரண்டு மொழியும் தெரிந்த பெரியவர்களின் பங்கே பெரிது என்று வேறு சிலர். சண்டை இன்னும் ஓயவில்லை. எங்கள் ஊர் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது: காலையில் தமிழ், பின்கட்டில் அது என்று இரண்டிலும் வளர்ந்த பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தது. ஒரே நாளில் யாரும் கூடித் தீர்மானம் போடவில்லை.

அந்தத் தச்சரின் பேரப்பிள்ளைகளை எனக்குத் தெரியும். கிழவர் பறங்கியர் பேச்சில் தண்ணீர் கேட்பார், அவர்கள் ‘இந்தா கொண்டுவாறன்’ என்று தமிழில் சொல்லிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். விளங்கும், வாயில் வராது. கடலோர டச்பார்ப் பக்கம் இருந்த குடும்பங்களில் சிலவற்றை 2004 டிசம்பர் 26 சுனாமி கொண்டுபோனது. அவுஸ்திரேலியாவுக்குப் போனவர்கள் போனார்கள். இன்னும் பேசுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள் மனே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் முதியவர்களிடம் மரியாதையாகக் கேட்டுப் பார். எண்ணிக் காட்டச் சொல்லு.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தகப்பன்: “மகளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. நாலு வயது. கையால்தான் எல்லாம் கேட்பாள். சைகை காட்ட விட்டால் பேச்சே வராது, கையைத் தடுங்கள் என்று ஓரிடத்தில் சொல்லி அனுப்பினார்கள். என்ன செய்ய?”

கையைத் தடுக்காதீர்கள் தம்பி. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. முன்பு எங்களுக்கும் பயிற்சிக் கலாசாலையில் அப்படித்தான் சொன்னார்கள்.

நடு அமெரிக்காவில் நிகரகுவா என்று ஒரு நாடு. 1970களின் கடைசிவரை அங்கே காது கேளாத பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில், ஆளுக்கொரு சைகையோடு தனித்தனியாக இருந்தார்கள். 1977இல் தலைநகர் மனாகுவாவில் ஒரு சிறப்புப் பள்ளி. 1979 புரட்சிக்குப் பிறகு, 1980இல் ஒரு தொழிற்பள்ளி. சில நூறு பிள்ளைகள் முதல்தடவை ஓரிடத்தில் கூடினார்கள். ஆசிரியர்கள் உதட்டைப் பார்த்து ஸ்பானிய மொழி படிக்கச் சொன்னார்கள். அது ஏறவில்லை. ஆனால் பஸ்ஸிலும் விளையாட்டு முற்றத்திலும் பிள்ளைகள் கையால் கதைத்துத் தள்ளினார்கள். என்ன கதைக்கிறார்கள் என்று ஆசிரியர்களுக்கே விளங்காமல், 1986இல் அமெரிக்காவிலிருந்து ஜூடி கெக்ல் என்ற மொழியியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் கண்டது, எந்த நாட்டுச் சைகை மொழியையும் பார்த்துப் படிக்காத ஒரு புது மொழி.

அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பிறகு வருகிறது. ஆன் செங்காஸ் என்பவரும் கூட்டாளிகளும், பந்தை விழுங்கிய பூனை ஒன்று தெருச் சரிவில் உருண்டு போகும் கார்ட்டூனைக் காட்டி, நடந்ததைச் சொல்லக் கேட்டார்கள். முதலில் வந்த, வயதில் மூத்தவர்கள் கையைச் சுழற்றிக்கொண்டே கீழே இறக்கினார்கள், நீங்களும் நானும் காட்டுவதுபோல. பிந்திச் சேர்ந்த சின்னவர்கள் அதை இரண்டாக உடைத்துவிட்டார்கள்: ‘உருளுதல்’ ஒரு சைகை, ‘கீழே போதல்’ இன்னொரு சைகை, ஒன்றன்பின் ஒன்றாக. உடைத்துவிட்டால் அந்த ‘உருளுதல்’ துண்டை எங்கே வேண்டுமானாலும் பூட்டலாம் அல்லவா? காத்தான்குடிப் பிள்ளை ‘இன்’னைக் கழற்றி எடுத்த அதே வேலை. படம் காட்டுவது மொழியாவது அந்த இடத்தில்தான். அதைச் செய்தவர்கள் மூத்தவர்களோ ஆசிரியர்களோ அல்லர். பிந்தி வந்த பொடியள்.

இனி எங்கள் வாவிக்கு வருகிறேன். என் இளமையில் வாவிக்கரையில் வீச்சுவலை போடும் ஒருவர் இருந்தார், பிறவிச் செவிடர். இறாலுக்கு மூக்குக்கு முன்னால் சுண்டுவிரலை வளைத்து ஆட்டுவார். நண்டுக்கு இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வெட்டுவார். நல்ல விலை என்றால் மார்பில் ஒரு தட்டு. ‘நாளைக்கு’ என்பதற்கு முகத்தைக் கழுவிக் காட்டுவார். நாளைக் காலை, முகம் கழுவிய பிறகு என்று அர்த்தம். அவருடைய மனுசிக்கும் இரண்டு மீன் முதலாளிகளுக்கும் அது விளங்கும், எனக்குக் கொஞ்சம் விளங்கும். அவ்வளவுதான் அந்த மொழியின் நாடு. மூளைசாலியான மனிதர். ஆனால் திருப்பி அதே சைகையில் கதைத்து, கேட்டு, மாற்றி, சண்டை பிடிக்க இன்னொரு செவிடர் அவருக்கு வாய்க்கவில்லை. அவர் போனார், முகம் கழுவும் ‘நாளை’யும் போனது.

ஆகவே நான் சொல்வது இதுதான். கேட்கும் கருவி தருகிறார்கள் என்றால் வாங்கிப் போடுங்கள். பேச்சுப் பயிற்சிக்கும் கொண்டுபோங்கள். அதோடு சைகையும் நடக்கட்டும். ஒன்றை ஒன்று கெடுக்காது. செவிடான பெற்றோரின் செவிட்டுக் குழந்தைகள், கேட்கும் பிள்ளைகள் ‘பபப’ என்று மழலை பேசும் பருவத்தில், கைவிரலால் மழலை பேசுவதை ஆய்வாளர்கள் 1991இலேயே எழுதிவிட்டார்கள். மூளைக்கு வாயும் ஒன்று, கையும் ஒன்று. நீங்களும் அவவுடைய தாயும் முறையான சைகையைப் படியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கேளாத பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு அவவைச் சுறுக்கா கொண்டுபோய்ச் சேருங்கள். நாலு வயது, தாமதிக்கும் வயதில்லை. அவவுக்கு ஒரு கூட்டாளி வேண்டும்.

அம்பாறை நகரிலிருந்து ஒருவர்: “நான் தமிழ், மனைவி சிங்களம். மகன் இரண்டையும் கலந்து ‘வத்துர தாங்க’ என்கிறான். பாலர் பள்ளி டீச்சர் ஒரு மொழியை விடச் சொல்கிறார். எதை விடுவது?”

எதையும் விடவேண்டாம். அவன் தாயிடம் போய் ‘தாங்க’ என்று கேட்கிறானா, உங்களிடம் மட்டுமா என்று ஒரு நாள் கவனியுங்கள். அநேகமாக ஆளைப் பார்த்துத்தான் கலப்பான். ஒரு மொழியில் சொல் கைக்கு வராவிட்டால் மற்றதிலிருந்து எடுத்துப் போடுகிறான், கடையில் சில்லறை இல்லாவிட்டால் டொஃபி தருவதுபோல. ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். இரண்டையும் கூட்டி எண்ணுங்கள், அப்போது குறை இராது.

அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் அளிக்கம்பை என்று ஒரு கிராமம் இருக்கிறது, உங்கள் மாவட்டம்தான். அங்கே வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். அந்தச் சனம் தலைமுறையாக இரண்டோடும் வாழ்கிறது, ஒரு பிள்ளைக்கும் தலை சுற்றவில்லை. டீச்சரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மகன் ‘வத்துர’ என்று கேட்டால் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள், தாகத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.